இரவில் சார்ஜில் நிற்கும் கைத்தடி: ஸ்மார்ட் நடைத்துணை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால் குடும்பத்தார் முதலில் வாங்குவது கருவியை. நடையைப் பற்றிய மதிப்பீடு அதற்குப் பிறகுதான் வருகிறது. இங்கே விவரிக்கும் நிகழ்விலும் வரிசை அதுவே. தனியே வசிக்கும் 78 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு மாதங்களுக்குள் இருமுறை விழுந்தார். இரண்டாவது முறைக்குப் பிறகு, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் சென்சார்கள் பொருத்திய ஸ்மார்ட் கைத்தடி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். சில வாரங்கள் அதைப் பயன்படுத்திய பின்னும் நடை தேறாததால் என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு அழைத்து வந்தார்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தடியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் வேறு: இங்கே எதிர்கொண்ட சிக்கல்கள் இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

நோயாளியின் நிலை

இடது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். நீண்டகால நீரிழிவு, அதன் விளைவாக இரு பாதங்களிலும் உணர்வுக் குறைவு. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள், அவற்றுள் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்தது. தூக்கம் வராத நாட்களில் ஒரு தூக்க மாத்திரை. முதல் முறை விழுந்தபோது வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து கட்டுப் போட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை, நள்ளிரவுக்குப் பிறகு படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்திருக்கிறார். காயம் பெரிதாக இல்லை. ஆனால் அதன் பிறகு வெளியே போவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றைப் பார்க்கும் மாண்ட்ரியல் அறிவாற்றல் மதிப்பீட்டில் 30-க்கு 27 பெற்றார், இது இயல்பான அளவு. இந்த எண்ணை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் பின்னால் வரும் மாற்றங்கள் பலவும், காரணத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு தம் பழக்கத்தைத் தாமே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் நிகழ்ந்தவை.

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர்வதற்கு ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை 1991 முதல் வழக்கில் உள்ளது, 13.5 வினாடிக்கு மேல் போனால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்வது பரவலான நடைமுறை. இவருக்கு 19.8 வினாடிகள் ஆயின. நான்கு மீட்டர் தூரத்தில் அளந்த நடைவேகம் வினாடிக்கு 0.61 மீட்டர். விழுவதைப் பற்றிய அச்சத்தை 16 கேள்விகளால் 16 முதல் 64 வரை மதிப்பிடும் அளவுகோலில் 41 வந்தது. 28-ஐத் தொட்டாலே அச்சம் மிகுதி என்று பொருள். படுத்த நிலையில் 146-ஆக இருந்த மேல் இரத்த அழுத்தம் எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 121-க்கு இறங்கியது. 20 புள்ளிகள் இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய சரிவு. இரவில் எழுந்ததும் கண் இருட்டுகிறது என்று அவர் சொன்னதற்கு இதுவே விளக்கமாக இருந்திருக்கலாம்.

கருவி

பார்வைக்கு அது கொஞ்சம் தடித்த அலுமினியத் தடி. கைப்பிடிக்குள் பேட்டரியும், அசைவையும் சாய்வையும் உணரும் முடுக்கமானியும் சுழற்சிமானியும், சிம் கார்டும், ஜி.பி.எஸ். சில்லும் இருக்கின்றன. தண்டின் அடிப்பகுதியில், ரப்பர் புஷ்ஷுக்குச் சற்று மேலே, தடியின் மீது இறங்கும் சுமையை அளக்கும் சென்சார் ஒன்று. தேவைப்படும்போது கைப்பிடி அதிரும், விளக்கு எரியும், தடி விழுந்தால் மகளின் போனுக்கு அழைப்புப் போகும். நடந்த தூரம், அடி எண்ணிக்கை, நடைவேகம் ஆகியவை ஆப்பில் வரைபடமாகத் தெரியும். எடை 640 கிராம். சாதாரண அலுமினியத் தடியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

சுமை சென்சாரை நம்புவதற்கு முன் அதைச் சோதித்தாக வேண்டும். குளியலறையில் வைக்கும் எடை மெஷின் மீது தடியை ஊன்றி, மெஷின் காட்டுவதையும் ஆப் காட்டுவதையும் ஒப்பிட்டோம். மெஷினில் 6.5 கிலோ காட்டியபோது ஆப் 5.8 காட்டியது, தடியை முன்னோக்கிச் சாய்த்து ஊன்றினால் இடைவெளி மேலும் விரிந்தது. தடியின் நீளத்தை மாற்றும்போதெல்லாம் சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கையேட்டின் உள்பக்கத்தில் இருந்த குறிப்பை யாரும் படித்திருக்கவில்லை. அதைச் செய்த பின் வேறுபாடு புறக்கணிக்கத்தக்க அளவுக்குக் குறைந்தது. ஆப் காட்டும் எண் எவ்வளவு அழகான வரைபடத்தில் வந்தாலும், எடை மெஷினோடு ஒருமுறை ஒத்துப் பார்க்காத வரை அதைக் கொண்டு சிகிச்சை முடிவு எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தடி தவறான கையில்

முதல் பார்வையிலேயே தெரிந்த கோளாறுகள் எவற்றுக்கும் மின்னணுவோடு தொடர்பில்லை. அவர் தடியை இடது கையில், அதாவது வலியுள்ள முழங்காலின் பக்கத்திலேயே, பிடித்திருந்தார். தடி எதிர்க்கையில் இருந்து, நோயுற்ற காலோடு சேர்ந்து தரையைத் தொட்டால்தான் இடுப்பின் மீதும் முழங்காலின் மீதும் இறங்கும் சுமை குறையும். காரணம் விசாரித்தபோது தெளிவானது: வலது மணிக்கட்டில் கட்டு இருந்த நாட்களில், மறைந்த கணவரின் பழைய தடியை இடது கையில் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். எலும்பு கூடிய பின்னும் கை மாறவில்லை. புதிய தடியின் நீளத்தையும் பழைய தடியை வைத்தே பொருத்தியிருந்தார்கள். அது அவருக்கு 4 சென்டிமீட்டர் அதிகம். நடக்கும்போது அணியும் காலணியுடன் நின்று, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். தடி நீண்டுவிட்டால் தோள் உயரும், சுமை இறங்காது.

சுமைப் பதிவு இதை எண்ணாகக் காட்டியது. 62 கிலோ எடையுள்ள அவர் தடியின் மீது சராசரியாக 2.5 கிலோ அளவுக்கே ஊன்றிக்கொண்டிருந்தார். அது உடல் எடையில் 4 விழுக்காடு. முழங்கால் தேய்மானத்துக்கு 10 முதல் 20 விழுக்காடு வரை தடியின் மீது ஏற்றினால்தான் மூட்டின் உள்பக்கச் சுமை கணிசமாகக் குறைகிறது. அதாவது, அவர் தடியை ஊன்றவில்லை, கூடவே எடுத்துச் சென்றுகொண்டிருந்தார். அது முற்றிலும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையில் விரல் நுனியால் ஒரு நிலையான பரப்பைத் தொட்டாலே நிற்கும்போது உடல் ஆடுவது குறைகிறது என்று 1990-களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதம் உணராததைக் கை உணர்ந்து சொல்கிறது. நீரிழிவால் பாத உணர்வு மங்கியவருக்கு எந்தச் சென்சாரும் இல்லாத சாதாரணத் தடியும் ஒரு புலனுறுப்பாகவே வேலை செய்கிறது.

தடியை வலது கைக்கு மாற்றியதும் அடுத்த சிக்கல் வந்தது. முறிந்து கூடிய மணிக்கட்டுக்கு 640 கிராம் தடியை நாள் முழுதும் தூக்கித் தூக்கி வைப்பது வலித்தது. உள்ளங்கை முழுவதும் சுமை பரவும்படி அகன்ற கைப்பிடியுள்ள வேறு தடி பரிந்துரைக்கத்தக்கதுதான். ஆனால் பேட்டரி கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால் இந்தக் கருவியில் கைப்பிடியை மட்டும் மாற்ற வழியில்லை. சாதாரணத் தடிக்குக் கிடைக்கும் இந்த எளிய வசதி, அறிவார்ந்த தடி என்று விற்கப்படுவதில் இல்லாமல் போனது வடிவமைப்பாளர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். மெல்லிய நுரைத் துணியைச் சுற்றிப் பிடியை அகலப்படுத்தியும், பிடிவலுவுக்குப் பயிற்சி கொடுத்தும், வீட்டுக்குள் நடப்பதற்கு மட்டும் அகன்ற பிடியுள்ள இலகுவான தடி ஒன்றைச் சேர்த்தும் சமாளித்தோம். ஸ்மார்ட் தடி வெளியே செல்வதற்கும் இரவுக்கும் என்று பிரித்துக்கொண்டோம். பயிற்சியின்போது எடை மெஷின் மீண்டும் உதவியது: தடியை அதன் மீது ஊன்றி, ஆறு கிலோ என்றால் கைக்கு எப்படி இருக்கும் என்பதை அவரே பார்த்துப் பழகினார். சுமை இலக்கைத் தொடும்போது கைப்பிடி லேசாக அதிரும்படி ஆப்பில் அமைத்தோம். இந்தக் கருவியில் சிகிச்சைக்கு நேரடியாகப் பயன்பட்ட அம்சம் என்றால் அதுதான்.

முழங்கால் தேய்மானம் உள்ள 64 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஒரு சோதனையில், இரண்டு மாதங்கள் தினமும் தடி ஊன்றி நடந்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் முதல் மாதத்தில் அவர்களுக்கு நடப்பதற்குச் செலவான ஆற்றல் கூடவே செய்தது. இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது பயனுள்ளது. முதல் சில வாரங்களில் களைப்பு அதிகமாகித் தடியை மூலையில் போட்டுவிடுபவர்கள் ஏராளம்.

இரவுப் பதிவில் ஓட்டை

இரண்டாவது விழுதல் இரவில் நிகழ்ந்தது என்பதால் இரவுப் பதிவுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒரு ஊன்றல்கூட இல்லை. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று கேட்டதற்கு இரண்டு, மூன்று முறை என்றார். அப்படியானால் அந்த நடையெல்லாம் தடியில்லாமல்தான் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆப்பில் அந்த நேரம் முழுவதும் பேட்டரி சின்னம் பச்சையாக இருந்தது: தடி கூடத்துச் சுவரோரம் சார்ஜரில் நின்றுகொண்டிருந்தது. படுக்கையிலிருந்து அது ஏழெட்டு அடி தள்ளி, கழிப்பறைக்கு எதிர்த்திசையில் இருந்தது. அவரோ சுவரையும் அலமாரி விளிம்பையும் பிடித்துக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார்.

போனை இரவில் சார்ஜ் போடுவது நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. கையேடும் அதையே சொல்கிறது. நடைத்துணைக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. இருட்டு, அரைத்தூக்கம், எழுந்தவுடன் சரியும் இரத்த அழுத்தம், அவசரம் ஆகிய நான்கும் ஒன்றுகூடும் நேரத்தில்தான் கருவி கம்பியில் கட்டுண்டு நிற்கிறது. விழுந்த பிறகு வாங்கப்பட்ட கருவி, விழுந்த அதே நேரத்தில் வேலையில் இல்லை. இந்த நிகழ்வில் கற்றதில் முதன்மையானது இதுவே என்று கருதுகிறேன்.

தீர்வு எளிதாகவே அமைந்தது. மதிய உணவுக்குப் பின் அவர் செய்தித்தாள் படிக்கும் நாற்காலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சார்ஜரை மாற்றினோம். இரண்டு மணி நேரம் போதும். நடுவில் எழுந்தால் இலகுவான தடி பக்கத்திலேயே இருக்கிறது. இரவில் ஸ்மார்ட் தடி கட்டிலின் தலைமாட்டில், வலக்கைப் பக்கம், ஒரு கொக்கியில். தடியைத் தொட்டதும் அதன் கீழ்விளக்கு எரிவதால் தரை தெரிகிறது. கூடவே அவருடைய மருத்துவர், மாலையில் உட்கொண்ட சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். எழுந்தவுடன் நடக்காமல், கட்டில் விளிம்பில் அமர்ந்து சற்று நேரம் கணுக்காலை அசைத்துவிட்டு எழும் பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தோம். இரவு எழுச்சி ஒருமுறையாகக் குறைந்தது. அதற்குத் தடி காரணமில்லை, மாத்திரையின் நேரம் மாறியதுதான் காரணம்.

அலாரம்

மகள் இந்தத் தடியை வாங்கியதே அலாரத்துக்காகத்தான். விழுந்து நீண்ட நேரம் தரையில் கிடப்பதால் அழுத்தப் புண், நீர்வறட்சி, தசைச் சிதைவு முதலியன நேரலாம் என்பதால் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தடியில் உள்ள அலாரம் உணர்வது தடி விழுந்ததை. மனிதர் விழுந்ததை அன்று. திடீர் மோதல், அதன் பின் கிடைமட்ட நிலை, அசைவின்மை ஆகிய மூன்றையும் வைத்துக் கருவி முடிவெடுக்கிறது. சமையல் மேடையில் சாய்த்து வைத்த தடி வழுக்கி விழுந்தாலும் அதே மூன்றும் பொருந்திவிடும். முதல் சில வாரங்களில் வந்த எச்சரிக்கைகள் அனைத்தும் அப்படிப்பட்டவையே. மகள் பதறிப்போய் அழைப்பார், அம்மா எரிச்சலோடு எடுப்பார். கடைசியில் அம்மாவே ஆப்பில் அலாரத்தை அணைத்துவிட்டார். மறுபுறம், தடியில்லாமல் கழிப்பறையில் விழுந்தால் கருவிக்குத் தெரியவே போவதில்லை.

மனிதர் அழுத்த வேண்டிய பொத்தானும் முழுத் தீர்வாகாது. 90 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தனியே விழுந்து எழ முடியாதவர்களிடம் அழைப்புக் கருவி இருந்தும் ஏறக்குறைய 80 விழுக்காட்டு நேர்வுகளில் அது பயன்படுத்தப்படவில்லை. ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல், தடி விழுந்ததும் அரை நிமிடம் கைப்பிடி அதிர்ந்து ஒலியெழுப்பி, அதற்குள் யாரும் தடியை எடுக்காவிட்டால் மட்டும் அழைப்புப் போகும்படி அமைத்தோம். கழிப்பறைக்கும் சேர்த்து, நனைந்தாலும் கெடாத மணிக்கட்டுப் பொத்தான் ஒன்றையும் ஏற்பாடு செய்தோம். சமையல் மேடை விளிம்பில் தடி மாட்டும் கிளிப் பொருத்தியதும் வெற்று அலாரம் அடங்கியது. மென்பொருள் எவ்வளவு திருத்தியும் தராத பலனை அந்தக் கிளிப் தந்தது.

எண்ணிக்கை யாருக்கு?

ஆப்பின் அடி எண்ணிக்கை மகளின் போனிலும் தெரிந்தது. எண்ணிக்கை குறைந்த நாட்களில் மாலை போன் வரும். ஒருநாள் பதிவில் விந்தையான ஒன்றைக் கண்டேன்: அரை மணி நேரம் சீரான இடைவெளியில் நூற்றுக்கணக்கான ஊன்றல்கள், ஒவ்வொன்றிலும் சுமை ஏறக்குறைய பூஜ்யம். கேட்டபோது சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். “நடக்கலைன்னா அவ போன் பண்றா, தட்டினா சும்மா இருக்கா. ஏம்மா, இது எனக்குத் துணையா, இல்ல எனக்கு மேல சூப்பர்வைசரா?” என்று கேட்டார். பல ஆண்டுகள் மாணவர்களின் வருகைப் பதிவேட்டைக் கையாண்டவர், தம் வருகையை இன்னொருவர் பதிவு செய்வதை எளிதில் ஒப்புவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

மகளையும் வைத்துக்கொண்டு பேசி, பகிர்வு அமைப்பை மாற்றினோம். விழுதல் எச்சரிக்கையும் பேட்டரி குறைந்த தகவலும் மட்டும் மகளுக்குப் போகும். இருப்பிடம் எச்சரிக்கையின்போது மட்டும் தெரியும். அடிக் கணக்கும் சுமைக் கணக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும். மகளுக்கு இதில் முழுத் திருப்தியில்லை. இருந்தும் அதன் பிறகு சுமையில்லாத ஊன்றல்கள் பதிவில் தென்படவில்லை. நேர்மையான தரவு வேண்டுமென்றால் அது யார் கையில் சேர்கிறது என்பதை முதியவரே தீர்மானிக்க வேண்டும். இதை நெறி சார்ந்த கருத்தாக மட்டுமன்றி, அளவீட்டின் தரம் பற்றிய கருத்தாகவும் சொல்கிறேன்.

மோட்டார் வாக்கர் ஏன் தேர்வாகவில்லை

மகள் அடுத்ததாகக் கேட்டது மோட்டார் பொருத்திய நான்கு சக்கர வாக்கரை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. போன்ற இடங்களில் முதியவரை வழிநடத்தும் தடி, வாக்கர் ஆகியவற்றின் மாதிரிகளை உருவாக்கினார்கள். இன்று கிடைப்பவற்றில், கைப்பிடியில் இறங்கும் விசையை உணர்ந்து மேட்டில் தள்ளி உதவுவதும், சரிவில் தானே பிரேக் பிடிப்பதும், கையை எடுத்தால் நின்றுவிடுவதும் உண்டு. பார்க்கின்சன் நோயில் கால் உறைந்து நிற்பவர்களுக்குத் தரையில் லேசர் கோடு காட்டி அடுத்த அடியை எடுக்கத் தூண்டும் வாக்கர்கள் சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன. இவருக்கு அந்த வகைத் தடை இல்லை. கழிப்பறைக் கதவு குறுகல். பிரேக்கை அழுத்தும் மணிக்கட்டு வலுவில்லாதது. வாக்கர் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் திருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரையிலான அவசரப் பிரிவுப் பதிவுகளின்படி, ஆண்டுக்குச் சுமார் 47,000 முதியவர்கள் நடைத்துணை தொடர்பாக விழுந்து காயமடைந்தார்கள். அவற்றில் 87 விழுக்காடு வாக்கரோடு தொடர்புடையவை. வாக்கர் பயன்படுத்துவோர் ஏற்கெனவே நலிந்தவர்கள் என்பதும் இதில் அடங்கும். ஆனாலும், சமநிலை தப்பும் கணத்தில் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைக்கும் இயல்பான தற்காப்பைத் தடியோ வாக்கரோ குறுக்கிட்டுத் தடுக்கக்கூடும். இவர் திரும்பும்போது தடி இரு கால்களுக்கும் நடுவே வருவதைப் பார்த்திருந்தோம். சின்னச் சின்ன அடிகளாக வட்டமிட்டுத் திரும்பப் பழக்கியது அதற்காகத்தான்.

பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்

எழுந்து நடந்து அமரும் சோதனை 15.4 வினாடிக்கு இறங்கியது, நடைவேகம் 0.74 மீட்டருக்கு உயர்ந்தது. வினாடிக்கு 0.1 மீட்டர் கூடினாலே அது அன்றாட வாழ்வில் உணரத்தக்க முன்னேற்றம். அச்ச அளவு 31. தடியின் மீது சராசரிச் சுமை 7 கிலோ, அதாவது உடல் எடையில் 11 விழுக்காடு. இந்தக் காலத்தில் அவர் விழவில்லை. எனினும் 15.4 வினாடி என்பது இன்னும் அபாய எல்லைக்குள்தான் இருக்கிறது, அச்சமும் அகலவில்லை.

இவற்றில் எவ்வளவு தடியால் வந்தது என்று பிரித்துச் சொல்வது இந்த ஒரு நிகழ்வை வைத்து இயலாது. வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் தொடைத் தசைப் பயிற்சியும் நடந்தன. 108 சோதனைகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடற்பயிற்சியே விழும் வீதத்தை 23 விழுக்காடு குறைக்கிறது. மாத்திரைகள் மாறின, வெளிச்சம் கூடியது, தடியின் நீளம் சரியானது. என் கணிப்பில் ஸ்மார்ட் தடியின் தனிப் பங்கு இரண்டு: இரவில் தடியே பயன்படவில்லை என்பதைக் காட்டியது, எவ்வளவு ஊன்றுகிறார் என்பதைக் கைக்கு உணர்த்தியது. இரண்டும் அளவீட்டு வேலைகள். விளம்பரத்தில் முன்னால் நின்ற அலாரம் இந்த நிகழ்வில் ஒருமுறையும் தேவைப்படவில்லை.

முதுமையில் நலம் என்பதை, ஒருவர் தமக்கு மதிப்புள்ளதைச் செய்ய இயலும் திறனை வளர்த்துக் காப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 அறிக்கையில் வரையறுத்தது. இவருக்கு மதிப்புள்ளது தெருமுனை நூலகத்துக்கு நடந்து போய் வருவது. எட்டாவது வாரத்தில் ஒருவர் துணையோடு போனார். பன்னிரண்டாவது வாரத்தில் தனியே போய், வழியில் ஒருமுறை உட்கார்ந்து, திரும்பி வந்தார்.

அடுத்த மதிப்பீடு மூன்று மாதங்கள் கழித்து. அதற்குள் மணிக்கட்டு வலி திரும்பினாலோ, தடியின் மீது ஏறும் சுமை உடல் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டினாலோ ஒற்றைத் தடி போதவில்லை என்று பொருள். அப்போது மோட்டார் இல்லாத, இலகுவான சக்கர வாக்கரை வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ஆப் புதுப்பிக்கப்படும்போது அலாரத்தின் காத்திருப்பு நேரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அதைச் சரிபார்க்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டார்.